பூட்டிய வீட்டுக்குப் பூஜ்யம்

அவளுக்கு இரண்டு பேர்கள். தெருக்காரர்கள் வைத்தது மீட்டரக்கா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்து, கையில் இருக்கும் சின்னக் கருவியில் எண்ணைத் தட்டுவது அவள் வேலை. இன்னொரு பேரை வாயால் சொல்ல முடியாது. ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றில் வட்டமாகச் சுற்ற வேண்டும். காது கேளாதோர் சங்கத்தில் அவள் பேர் அதுதான்.

அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு கைப்பேர் உண்டு. தலைவர் தச்சு வேலை செய்பவர். இழைப்புளி தள்ளுவது போல ஒரு கைமேல் மறு கையைத் தேய்த்தால் அவர். செயலாளர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சின்ன வயதில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்குமாம், மூக்குத்தண்டை ஒரு விரலால் மேலே தள்ளினால் அவர். இப்போது அவர் கண்ணாடியே போடுவதில்லை. ஆனாலும் மூக்கு மூக்குதான். கைப்பேரை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் வைப்பார்கள். வேண்டாம் என்றால் இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

மீட்டரக்காவுக்கு வைத்தது பாராட்டு அல்ல. டிவியில் எதையாவது திறந்தால் நடுத்திரையில் ஒரு வட்டம் சுழலுமே, அந்த வட்டம்.

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். தங்கச்சிக்குத்தான் பிறவியிலிருந்தே கேட்காது. இருவரும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட வீட்டுச் சைகையில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். சங்கத்துச் சைகையை அக்கா பிறகுதான் கற்றாள், அரைகுறையாக. அவள் கை பேசுவது கோழி விரட்டுவது போல இருக்கும் என்பது தங்கச்சியின் தீர்ப்பு.

தங்கச்சிக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடிகாலை ஷிப்ட் முடிந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சங்கத்து ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுப்பாள். சலவைக்காரம்மா ஒரு பேய்க் கதை சொல்வாள், கையால். ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுவது புரியாவிட்டால் எப்படி விடாமல் கேட்க வேண்டும் என்று ஒரு வெல்டர் சிரிக்கச் சிரிக்க நடித்துக் காட்டுவார். தச்சர் இரண்டு பலகையை ஆணி இல்லாமல் இணைப்பார். டிவியில் ஓடுவதில் இவர்களுக்கென்று எதுவும் கிடையாது. யாரும் தரப்போவதும் இல்லை. அதனால் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

வருடக்கணக்கில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் சங்க அறையில், பீரோவுக்குள் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் குவிந்து கிடந்தன. பார்க்க வேண்டுமானால் அறைக்கு வர வேண்டும். மூட்டு வலிக்காரரும் கைக்குழந்தைக்காரியும் எப்படி வருவார்கள்? வீட்டு டிவியில் வரவேண்டும் என்று பேச்சு எழுந்தது. பலர் வீட்டில் டிவியோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் நமக்கு வேண்டிய ஒரு சின்ன நிரலை, ஆட்-ஆன் என்பார்கள், எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுவது யார் என்று கேட்டதும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். இந்தச் சங்கத்தில் கையைக் கட்டினால் வாயை மூடியது என்று பொருள்.

மீட்டரக்கா கையைத் தூக்கினாள். பள்ளி முடித்த கையோடு கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவள் அவள். பாதியில் விட்டது அவளுக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. தெரிந்ததைத் தூசி தட்டினாள், தெரியாததை வெட்கப்படாமல் கேட்டாள். மதியம் தெரு வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டு உட்காருவாள். கடைசியில் ஆட்-ஆன் ஓடியது.

ஓடியது என்பதைவிட நகர்ந்தது என்பதே நியாயம். திறந்தால் வட்டம் சுழலும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாலும் சுழலும். அப்படித்தான் அவளுக்கு அந்தப் பேர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர்க் கையைக் கட்ட ஒரு முழம் கயிறும் இல்லை.

*

நிர்வாகக் கூட்டத்தில் செயலாளர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர் காது கேட்பவர், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர். வாயைவிடக் கை வேகமாகப் பேசும்.

"ஒரு கம்பெனி கேக்குது. நம்ம வீடியோ மொத்தத்தையும் அவங்க ஆப்ல போடறாங்களாம். டக்குனு திறக்கும். வட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது."

"பதிலுக்கு என்ன கேக்கறாங்க?" தச்சர் கேட்டார்.

"வீடியோ அவங்க பேருக்குப் போயிடும். நடுவுல விளம்பரம் வரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்தாள். "யாரும் அதிகம் பாக்காதத என்ன பண்ணுவாங்க?"

செயலாளர் மறைக்கவில்லை. "எடுத்துடுவாங்க. ஓடாதத அவங்க எதுக்கு வெச்சிருக்கணும்?"

"அப்ப சலவைக்காரம்மா பேய் போச்சு. தலைவர் பலகை போச்சு. வெல்டர் சிரிப்புக் கதை மட்டும் மிச்சம்."

"நல்லதுதானே" என்றார் வெல்டர். அறை சிரித்தது. தங்கச்சி சிரிக்கவில்லை.

செயலாளர் மீட்டரக்காவின் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் அல்ல. சங்கத்துக்காகத் தன் கடையை அடைத்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குபவர். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க செஞ்சது பெரிய வேலை. ஆனா யாரும் பாக்கலியே. திறக்கறதுக்குள்ள தூங்கிடறாங்க. நம்மகிட்ட இருந்து பூட்டிக் கிடக்கறதுக்கு அவங்ககிட்ட போயி நாலு பேர் பாக்கட்டுமே."

அவர் சொன்னது உண்மை. உண்மையோடு சண்டை போட்டுப் பயனில்லை, அதை மாற்றத்தான் வேண்டும்.

தச்சர் மேசையைத் தட்டினார். அதிர்வு எல்லோருக்கும் எட்டியது. "ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். எல்லா உறுப்பினரும் வரட்டும். கொடுக்கறதா வெச்சுக்கறதான்னு கை தூக்கிச் சொல்லட்டும்." பிறகு மீட்டரக்காவைப் பார்த்து விரலைச் சுற்றினார். "அதுக்குள்ள இது நிக்கணும்."

"நிக்கும்" என்றாள் அவள்.

*

வழியில் தங்கச்சி அவள் தோளைத் தட்டி நிறுத்தினாள். "நிக்கும்னு சொல்லிட்ட. எப்படின்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னா அங்கேயே கொடுத்துடுவாங்க. அந்தத் தைரியத்துல."

மறுநாள் மதியம் உட்கார்ந்து, தன் ஆட்-ஆன் என்னதான் செய்கிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. யாராவது திறந்தவுடன் அது பீரோ கம்ப்யூட்டரிடம் போய், என்னென்ன பிரிவுகள் என்று கேட்கிறது. கதை, பாடம், கைத்தொழில், சிரிப்பு என்று பதில் வருகிறது. பிறகு மறுபடி போகிறது: கதையில் என்னென்ன? திரும்பி வந்து மறுபடி: பாடத்தில் என்னென்ன? இப்படிப் பிரிவுக்கு ஒரு நடை. அதன்பின் ஒவ்வொரு வீடியோவின் முகப்புப் படத்துக்கும் தனித்தனி நடை. எல்லா நடையும் முடிந்த பிறகுதான் திரையில் முதல் எழுத்து விழுகிறது. பீரோ கம்ப்யூட்டரோ கிழடு. சங்கத்து இணைய இணைப்பு அதைவிடக் கிழடு.

"ஒரு தெருவுல மீட்டர் படிக்கப் போனா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆபீஸ்ல இருந்து கிளம்பிப் போயிட்டுத் திரும்பி ஆபீஸுக்கு வந்து, மறுபடி அடுத்த வீட்டுக்கு ஆபீஸ்ல இருந்து கிளம்புவேனா?" என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். அன்று அவருக்கு மதிய ஓய்வு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அப்படி போனீன்னா உன்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"இந்த ஆட்-ஆன் அப்படித்தான் போகுது."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப வாயக் குடுத்து மாட்டிக்கக் கூடாது" என்று அவர் வெங்காயத்துக்குத் திரும்பினார்.

முதலில் நடைகளைக் குறைத்தாள். எல்லாப் பிரிவும் எல்லாத் தலைப்பும் ஒரே கட்டாக, ஒரே கேள்வியில் வரும்படி மாற்றினாள். முகப்புப் படங்களைச் சின்னதாகச் சுருக்கினாள். கண்ணுக்குத் தெரிகிற படங்களை மட்டும் முதலில் கேட்கச் சொன்னாள். வேகம் கூடியது, ஆனாலும் வட்டம் போகவில்லை.

பிறகுதான் சரியான கேள்வி வந்தது. இந்தப் பட்டியல் எப்போது மாறுகிறது? தங்கச்சி புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது. அவள் எப்போது சேர்க்கிறாள்? வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. அப்படியானால் காலையில் கேட்டதையே மாலையில் எதற்காக மறுபடி கேட்க வேண்டும்? ஒருமுறை வந்த பட்டியலை அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் என்ன?

அதற்குக் கேச் என்று பேர். கையிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உப்பு இருக்கும்போது யாரும் கடைக்கு ஓடுவதில்லை. ஆட்-ஆனைத் திறந்தால் முதலில் கையிருப்பைப் பார். இருந்தால் உடனே காட்டு. அது பழசாகிவிட்டதா என்று தேதியைப் பார். பழசானால் மட்டும் சர்வரிடம், அதாவது பீரோ கம்ப்யூட்டரிடம், போய்ப் புதியதை வாங்கி, பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வை. பீரோ கிழவனை அடிக்கடி தொந்தரவு செய்யக் கூடாது என்று, புதிதாக வாங்கிய பட்டியலை மூன்று நாள் வரை நம்பலாம் என்று கெடு வைத்தாள். அதற்கு முன்பே கேட்க விரும்புகிறவர்களுக்காகப் பட்டியலின் அடியில் ஒரு புதுப்பிக்கும் பொத்தானும் வைத்தாள்.

தங்கச்சியைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். தங்கச்சி அமுக்கினாள். பட்டியல் வந்து நின்றது. வட்டம் சுழலவே இல்லை. தங்கச்சி டிவியின் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"வட்டம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு."

வியாழக்கிழமை மதியம் புதிய ஆட்-ஆன் எல்லோர் வீட்டுப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் சங்கக் குழுவில் வாழ்த்துகள் வந்தன. சலவைக்காரம்மா தன் பேயைத் தானே மூன்று முறை பார்த்ததாக வீடியோ அனுப்பியிருந்தாள். மீட்டரக்கா அன்று சோற்றில் கொஞ்சம் கூடுதலாகவே கை வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை சங்க அறை இருக்கும் கட்டடத்தில் மின்சாரப் பெட்டியைப் பழுது பார்த்தார்கள். கரண்ட் போய்ப் போய் வந்தது. பீரோ கம்ப்யூட்டர் எழுந்தும் விழுந்தும் கிடந்தது. மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

மீட்டரக்கா தெரு வேலையில் இருந்ததால் போனைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாசலில் தச்சர் நின்றிருந்தார். மரத்தூள் தலை, மரத்தூள் புருவம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உள்ளே போய் அவள் டிவியைப் போட்டு ஆட்-ஆனைத் திறந்தார். உடனே திறந்தது. வட்டம் இல்லை. திரையில் ஒரே ஒரு வரி: வீடியோக்கள் எதுவும் இல்லை.

"என் வீட்லயும் இப்படித்தான். தெருவுல எல்லார் வீட்லயும் இப்படித்தான்" என்றார் தச்சர். "உன் தங்கச்சி மட்டும் காலையில திறக்கலயாம், அவ வீட்ல இருக்கு. எங்க போச்சு எல்லாம்?"

"சர்வர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன். பீரோல எல்லாம் பத்திரமா இருக்கு. டிவிலதான் இல்ல." அவர் கைகள் வேகமெடுத்தன. "ஜனங்க என்ன சொல்றாங்க தெரியுமா? மூக்கு நேத்தே வித்துட்டான்னு. கூட்டத்துக்கு முன்னாடியே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நம்ம டிவில இருந்து அழிச்சிட்டான்னு. அவன் கடை வாசல்ல கூட்டம் நிக்குது."

அவள் அப்போதே கிளம்பினாள். ஜெராக்ஸ் கடை வாசலில் பாதிச் சங்கமே நின்றது. சத்தம் இல்லாத கூட்டம்தான், ஆனால் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் வீசின. வெல்டர் செயலாளரின் மூக்குக்கு நேரே நின்று, மூக்கைப் பிடுங்கி எறிவது போலக் காட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் முகம் வெளுத்திருந்தது. மீட்டரக்காவைப் பார்த்ததும் அவர் வாயால் பேசினார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. எங்கப்பா அம்மா இந்தச் சங்கத்துல இருந்தவங்க. அவங்க பேசினதும் அந்த பீரோலதான் இருக்கு. நான் வித்துடுவேனா?"

"நீ விக்கலப்பா" என்றாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த கோழிச் சைகையில் சொன்னாள்: "இவர் எதுவும் பண்ணல. தப்பு என் வேலையில எங்கயோ இருக்கு. எங்கன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

"தெரியாதப்பவே எப்படி உன் தப்புன்னு சொல்ற?" வெல்டர் விடவில்லை. "அவனைக் காப்பாத்தறியா?"

"வீடியோ பீரோல இருக்கு. டிவில இல்ல. நடுவுல இருக்கறது நான் எழுதினது. வேற யாரு?"

கூட்டம் கலைந்தது, கோபம் கலையவில்லை. போகிற போக்கில் யாரோ விரலைச் சுற்றிவிட்டு உள்ளங்கையை வெறுமையாக விரித்துக் காட்டினார்கள். வட்டம் போய் வெறுமை வந்தது என்று அதற்குப் பொருள்.

*

சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு. தெருவைத் தள்ளிப் போட முடியாது. மனசு முழுக்க ஆட்-ஆன் ஓட, கால் பழகிய வழியில் போனது. கருவியைத் தட்டுவதும் அடுத்த கதவுக்கு நகர்வதுமாக இருந்தாள். மூலை வீடு ஒன்றில் கேட் பூட்டியிருந்தது. மீட்டர் உள்ளே, சுவருக்குப் பின்னால். நாய் மட்டும் வந்து கடமைக்குக் குரைத்தது.

அவள் விரல் தானாகவே கருவியில் 'பூட்டு' என்ற பொத்தானை அமுக்கியது. எண் இருக்கும் இடத்தில் போன முறை படித்த எண் அப்படியே நின்றது. அவள் அடுத்த வீட்டுக்கு இரண்டடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து அந்தப் பூட்டையே பார்த்தாள்.

வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அவள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. வீடு பூட்டியிருந்தால் பூஜ்யம் என்று எழுதாதே. பூஜ்யம் என்றால் மீட்டரைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நீ பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. பூட்டு என்று போடு, பழைய எண்ணைத் தொடாதே, அடுத்த முறை வந்து பார்.

கேட்டில் சாய்ந்து அவள் சிரித்தாள். நாய் குழம்பிப்போய்க் குரைப்பதை நிறுத்தியது.

ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தன் ஆட்-ஆனுக்கு அவள் சொல்லவில்லை. கரண்ட் போய் வந்த காலையில் பெட்டிகள் சர்வரிடம் பட்டியல் கேட்டன. பாதி எழுந்திருந்த சர்வர் வெறும் பதில் ஒன்றைத் தந்தது. ஆட்-ஆன் அதைப் பார்த்து, சரி, பட்டியலில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டது. நல்ல பட்டியலை அழித்துவிட்டு அந்த வெறுமையைக் கையிருப்பில் வைத்தது. அதோடு விடவில்லை. இது புத்தம்புதிய பட்டியல், மூன்று நாள் நம்பலாம் என்று தேதியும் போட்டது. அதனால்தான் சர்வர் சரியான பிறகும் எந்தப் பெட்டியும் மறுபடி கேட்கவில்லை. பட்டியலோடு புதுப்பிக்கும் பொத்தானும் மறைந்ததால் யாராலும் கேட்கவைக்கவும் முடியவில்லை. பூட்டிய வீட்டுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, மூன்று நாள் அந்தத் தெருப் பக்கமே போகாதே என்று அவளே உத்தரவும் கொடுத்திருக்கிறாள்.

முதல் நாளே பெட்டிகளில் பட்டியல் ஏறிவிட்டதே, மறுநாள் காலை எதற்குக் கேட்டன என்று ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதற்கும் விடை தங்கச்சியிடம் இருந்தது. வியாழன் மாலை ஒரு புதிய வீடியோவை ஏற்றிய சந்தோஷத்தில், எல்லோரும் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள் என்று குழுவில் அவள்தான் எழுதியிருந்தாள். அநேகமாக எல்லோரும் அதை வெள்ளி காலையில்தான் பார்த்தார்கள், அமுக்கினார்கள். மீட்டரக்கா வீட்டில் அமுக்கியது அவள் வீட்டுக்காரர்.

"அப்ப பாதித் தப்பு என்னுது" என்றாள் தங்கச்சி.

"கதவத் தட்டினது நீ. வீடு இடிஞ்சது நான் கட்டினதால. வா, உக்காரு. வேலை இருக்கு."

மதியம் முழுக்க மேசையில் இருந்தார்கள். தங்கச்சி மீந்த பன்களைக் கொண்டுவந்திருந்தாள். அக்கா எழுத, தங்கச்சி வேண்டுமென்றே தப்பான பதில்களைக் கொடுத்துப் பார்த்தாள்: வெறும் பதில், பாதியில் அறுந்த பதில், பதிலே இல்லாத மௌனம். இப்போது விதி இதுதான். வந்த பட்டியல் முழுசாக, உருப்படியாக இருந்தால் மட்டும் கையிருப்பை மாற்று. இல்லாவிட்டால் பழையதைத் தொடாதே, அதையே காட்டு, மேலே ஒரு வரியில் உண்மையைச் சொல், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்க் கேள். பழைய ஆட்-ஆன் சேர்த்து வைத்த வெறும் கையிருப்பு எதுவாக இருந்தாலும் முதல் வேலையாகத் தூக்கி எறி.

எழுதியாயிற்று. ஆனால் பெட்டியை அணைத்துப் போட்டால்தான் அது புதிய ஆட்-ஆனை உடனே போய் எடுத்துக்கொள்ளும். அதைக் கோபத்தில் இருக்கும் சங்கத்துக்கு யார் சொல்வது?

"நான் சொல்றேன், நீ படம் எடு" என்றாள் மீட்டரக்கா.

"உன் சைகைக்கு அடியில எழுத்துப் போடணும்."

"போட வேண்டாம். கோழி விரட்டறது எல்லாருக்கும் புரியும்."

சுவருக்கு முன்னால் நின்று அவள் கையால் சொன்னாள். வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில். "வீடியோ ஒண்ணும் காணாமப் போகல. சர்வர் பதில் சொல்ல முடியாத நேரத்துல, ஒண்ணும் இல்லன்னு என் ஆட்-ஆன் எழுதி வெச்சிடுச்சு. தப்பு என்னுது. மூக்கு மேல யாரும் கை வைக்காதீங்க. டிவி பெட்டிய ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க, திட்டறதா இருந்தா அங்க வந்து திட்டுங்க."

தங்கச்சி போனை இறக்கினாள். "'அணைச்சு'ங்கறதுக்கு 'கட்டிப் பிடிச்சு'ன்னு காட்டிட்ட."

"மறுபடி எடுக்கலாமா?"

"வேண்டாம். டிவியக் கட்டிப் பிடிக்கட்டும். கோபம் குறையும்."

*

ஞாயிற்றுக்கிழமை சங்க அறை பிதுங்கியது. ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள், பீரோ மேல்கூட ஒருவர். அறையின் டிவியில் பட்டியல் திரும்பி வந்திருந்தது. வீடுகளிலும் வந்துவிட்டது. சலவைக்காரம்மா உள்ளே வந்ததும் மீட்டரக்காவைப் பார்த்து டிவியைக் கட்டிப்பிடிப்பது போலக் காட்டினாள். ஆனால் வெல்டர் முதல் வரிசையில் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். இன்று வந்தது நாளை மறுபடி போகாது என்று என்ன நிச்சயம் என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

மீட்டரக்கா பீரோவைத் திறந்தாள். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். அறை முழுக்க மூச்சை இழுத்தது தெரிந்தது.

ரிமோட்டை வெல்டரிடம் நீட்டினாள். "திறந்து, புதுப்பிக்கற பொத்தான அமுக்குங்க."

திறந்தார். அமுக்கினார். பட்டியல் அப்படியே இருந்தது. மேலே ஒரு வரி: சர்வர் பூட்டியிருக்கிறது. இது இன்று காலை பார்த்த பட்டியல்.

கைகள் மேலே எழுந்து ஆடின. அதுதான் அங்கே கைதட்டல். வெல்டர் மட்டும் பேய்க் கதையைத் தேர்ந்து அமுக்கினார். அது ஓடவில்லை. ஆடிய கைகள் இறங்கின.

செயலாளர் எழுந்தார். வெள்ளிக்கிழமை பட்ட அவமானத்துக்குப் பிறகும் அவர் நிதானமாகவே கேட்டார். "அக்கா, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். நீங்க அகப்பைய நல்லாப் பண்ணிட்டீங்க, ஒத்துக்கறேன். சட்டி இந்தப் பீரோதான். இது விழுந்தா பட்டியல் இருக்கும், படம் இருக்காது. கம்பெனிகிட்ட இந்தப் பிரச்சனை கிடையாது."

"சரிதான் தம்பி" என்றாள் அவள். "இது பட்டியலக் காப்பாத்தும். படத்தக் காப்பாத்தாது. காப்பாத்தும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சட்டிய மாத்தணும். ஆனா சட்டி ஓட்டைன்னு சொல்லி யாராவது சோத்தையும் சேத்துக் கொடுப்பாங்களா? வெள்ளிக்கிழமை வெறும் திரையப் பாத்து நீங்கள்லாம் ஏன் கடை வாசல்ல போய் நின்னீங்க? நம்மளுதுன்னு நெனச்சதாலதானே. கம்பெனில போட்ட பிறகு ஒரு நாள் அவங்க எடுத்துட்டா, எந்தக் கடை வாசல்ல போய் நிப்பீங்க?"

பேச்சின் நடுவே பாதிச் சைகை தப்பாகத்தான் போனது. தங்கச்சி பக்கத்தில் நின்றும் திருத்தவில்லை. திருத்தத் தேவையில்லை என்பது முகங்களில் தெரிந்தது. செயலாளரும் தலையாட்டினார்.

தச்சர் எழுந்து மேசையைத் தட்டினார். "கை தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த ஆட்-ஆன் உள்ள என்ன இருக்குன்னு இந்த அறையில ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்கு நாளைக்கே காய்ச்சல்னா நாம அவ்வளவுதான். ஒரு ஆள நம்பி சங்கம் நடத்த முடியாது. இன்னும் ரெண்டு பேராவது கத்துக்கணும். சம்மதமா?"

மீட்டரக்காவுக்குச் சுருக்கென்றது. பிறகு அது நியாயம் என்று பட்டது. "சம்மதம். யாரு வர்றா?"

முதலில் எழுந்த கை தங்கச்சியுடையது. இரண்டாவது கைக்கு எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். செயலாளர் கையைத் தூக்கியிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றார். "அடுத்த தடவ காணாமப் போனா எனக்கு முதல்லயே தெரியட்டும். மூக்கு ஒண்ணுதான் இருக்கு."

வெல்டர் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஓட்டு எடுப்பது வெறும் சடங்கு. வெச்சுக்கறது என்று தச்சர் கேட்டபோது அறை முழுக்கக் கையாக இருந்தது. கம்ப்யூட்டரைத் தச்சரின் பட்டறைக்கு மாற்றுவது, அவரே அதற்கு மரத்தூள் புகாத ஒரு பெட்டி செய்து தருவது, கரண்ட் போனாலும் தாங்கும்படி பேட்டரி வைப்பது, வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் வேறொரு இடத்தில் இன்னொரு பிரதி வைப்பது என்று முடிவானது.

முடிவுகளைத் தச்சர் கையால் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்டார். பயிற்சி தருபவர் என்ற இடத்தில் தச்சர் மீட்டரக்காவின் பேரைச் சொன்னார். விரலை நீட்டி, காற்றில் வட்டமாகச் சுற்றினார்.

"இன்னுமா?" அவள் எழுந்துவிட்டாள். "வட்டம் நின்னாச்சு. எல்லாரும் பாத்தீங்க. பேர மாத்துங்க."

தச்சர் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி செயலாளரைப் பார்த்தாள். கண்ணாடி போடாத செயலாளர் தன் மூக்குத்தண்டைத் தொட்டுக் காட்டினார்.

"டிவில வெச்ச கையிருப்புக்கு மூணு நாள் கெடு" என்றாள் தங்கச்சி. "எங்க தலைக்குள்ள வெச்சதுக்குக் கெடு கிடையாதுக்கா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு, பிடுங்கிய வயர் இன்னும் தன் தோளில் கிடப்பதைப் பார்த்து, எழுந்து போய் அதைச் செருகினாள்.